பீலித் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி

பூனாகலை,
ஒக்டோபர் 19, ஞாயிறு

அன்பு மகள் ஜீவராணிக்கும் மருமகன் நிஷாந்துக்கும் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் சித்தியும் மழையும் அட்டையும் எல்லாரும் சுகம், அங்கே டோஹா வெயிலில் நீங்களும் என் பேத்தியும் சுகமாக இருக்க அம்மன் துணை. மகளே, இப்போது நான் சொல்லப்போவது உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டாத கதை, ஊவா மாகாணம் உண்டான நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்து தொடங்குகிறேன். போனில் சொன்னால், சித்தப்பா புளுகை நிப்பாட்டுங்க என்று சிரித்துவிட்டு நிஷாந்திடம் கொடுத்துவிடுவாய், அதனால்தான் லீவு முடிந்து நாளை டோஹாவுக்கு விமானம் ஏறும் நம் லயத்து ஜேசன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வெலிமடை ரோட்டுக்கு மேலே, பச்சைப் புல்மேட்டுக்கு அடியில் உனக்காக ஒரு வீடு பார்த்து, அரண்மனை என்று போன வாரம் போனில் அளந்தேன் அல்லவா. அரண்மனையாகத் தெரிந்ததற்குக் காரணம் வீட்டுக்குப் பின்னால் இருந்த சொந்தப் பீலி. மலையிலிருந்து குழாயில் விழும் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றே வளர்ந்த ஜென்மம் நாம். பீலியைக் கண்டதும் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது, சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை, மேலே இருக்கிற மேடு என்ன மேடு என்றும் கேட்கவில்லை. நீ மட்டும் என்ன, எத்தனை அறை என்று கேட்டாயா, பீலி இருக்கா சித்தப்பா என்றுதான் முதலில் கேட்டாய். எந்த வெயிலிலும் வற்றாது என்றார் தரகர், நான் அவர் காலில் விழாத குறை.

வியாழக்கிழமை சித்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். மேட்டின்மேல் பதினோராயிரம் காகங்கள், ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவு, தகப்பனுக்குத் திதி கொடுக்க வந்த பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தன. நிலம் ஒரு மூச்சு விட்டது, அந்த மூச்சில் இடுப்பில் கட்டியிருந்த என் சாரம் குடையாக விரிந்து என்னை அரை மைல் தூக்கிப்போய்க் கரட் பாத்தியில் இறக்கியது, பிடுங்கிப் பார்த்தால் கரட் ஒவ்வொன்றும் ஆளுக்கொரு பொலித்தீன் பை மாட்டியிருந்தது. சித்தி எதையும் கண்டுகொள்ளவில்லை. நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவள், எந்த ஊர்த் தண்ணீரானாலும் அதில் தேத்தண்ணி ஊற்றிப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். மடியிலிருந்த தேயிலைப் பொட்டலத்தை எடுத்து, அந்தக் காலி வீட்டு அடுப்பிலேயே பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் போட்டாள். சிவக்க வேண்டிய தேத்தண்ணி கறுத்தது. கறுப்பென்றால், பேனாவில் ஊற்றிக் காணி உறுதி எழுதலாம், மிச்சத்தில் நம் லயத்து வீட்டு வரிசையின் பத்துக் கதவுக்கும் தார் பூசலாம். சித்தி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, போன தடவை நீங்க இதக் குடிச்சீங்களா என்று மட்டும் கேட்டாள். இரண்டு கை நிறைய அள்ளிக் குடித்திருந்தேன், இல்லை என்றேன்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு ஸுபைரா என்ற அம்மா ஒரு கேன் தண்ணீரைச் சுமந்துகொண்டு ரோட்டிலிருந்து ஏறி வந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே பீலி கொட்டும்போது எதற்கு இந்தச் சுமை என்று கேட்டேன். இத நாங்க செடிக்கும் ஊத்துறதில்லீங்க, மேல இருக்கிறது மலையில்ல, இருவது வருஷத்துக் குப்பை, மண்ணப் போட்டு மூடிப் புல்லு நட்டிருக்காங்க, பெய்யிற மழையெல்லாம் அதுக்குள்ள எறங்கி இங்கதான் வடியுது என்றார். அது ஏன் வற்றாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாருக்கு வீடு பார்க்கிறேன் என்று கேட்டார், மகளுக்கு, கைப்பிள்ளையோடு தை மாதம் வருகிறாள் என்றேன். அவர் கேனை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை ஜீவா. பால்மா கரைத்த போத்தல் ஒன்று கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இங்கே லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது, மழை கூடினால் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள், பாயைச் சுருட்டியே வைத்திருக்கிறோம், அந்தப் பயத்தில்தான் வீட்டுக்கு அவசரப்பட்டேன். ஆனால் மண் சரிந்தால் சத்தம் கேட்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், அந்தத் தண்ணீர் சத்தமே போடாமல் பிள்ளையின் வாய்க்குள் போகும்.

உனக்குப் பதிலாக நொத்தாரிசிடம் வீட்டு உறுதியில் கையெழுத்துப் போட நீ அனுப்பிய அற்றோர்னித் தத்துவம் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. நாளை கழித்து அடுத்த திங்கள், 27ஆம் திகதி, கையெழுத்துக்கு நான் போகமாட்டேன். தரகர் ஐந்து தரம் போன் எடுத்துவிட்டார், வேறு ஆள் தயாராம். நீயும் கோபப்படுவாய், கோபப்பட்டுக்கொள், இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இரு, நான் தாங்குவேன். வேறு வீடு பார்க்கிறேன், இந்தத் தடவை தேயிலைப் பொட்டலத்தோடு சித்தி முன்னால் போவாள், நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் போவேன்.

பேத்தி பல் முளைத்து, நடந்து, என்னைப் போலவே வாயாடியாகி நூறு வருஷம் வாழட்டும். நிஷாந்தை வெயிலில் தொப்பி போடச் சொல். கடிதம் கிடைத்ததும், அந்தத் திங்களுக்கு முன், சித்தியின் போனுக்கு எடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
பூனாகலை மேற்பிரிவின் முடிசூடாத மன்னன்,
உன் சித்தப்பா சிவஞானம்

பி.கு: காகம் பன்னிரண்டுதான் இருக்கும். சாரம் பறக்கவில்லை, கரட்டும் பொலித்தீனும் என் கைச்சரக்கு. தார் பூசும் அளவுக்கு இல்லை, உறுதி எழுதும் அளவுக்கும் இல்லை, ஆனால் மகளே, அந்தத் தேத்தண்ணி கறுத்தது உண்மை.