அறுபது சைக்கிள் மோட்டார்

1952 செப்டம்பர் 20, சனி. கன்னி 4.

காலையிலிருந்து சாரல். சுசீந்திரம் அரவை மில்லில் புது மோட்டார் இறக்கினோம். பழைய எண்ணெய் எஞ்சினை மூலையில் தள்ளியாயிற்று. இறக்க ஆறு ஆள். தாணுவுக்குக் கால் நகம் பெயர்ந்தது. என் பெண்டாட்டி பகவதியின் தம்பி என்பதால், மெக்கானிக்கான என் முகத்துக்காகத்தான் முதலாளி இவனை மில்லில் எஞ்சின் ஓட்டும் டிரைவராக வைத்தார். வேலைக்காரன்தான், குறை சொல்ல முடியாது.

மோட்டார் அமெரிக்கப் பட்டாளத்துச் சரக்கு. மதுரையில் யுத்தத்து மிச்சங்களை விற்கும் கிடங்கில் நானே பார்த்து எடுத்தது. பத்துக் குதிரை. தகட்டில் 60 சைக்கிள் என்று இருக்கிறது, அதாவது கரண்டு ஒரு வினாடிக்கு அறுபது தரம் போய்த் திரும்ப வேண்டும். நம் ஊர்க் கரண்டு 50. கிடங்குக்காரன் கேட்கத்தான் செய்தான், "ஒங்க ஊர்ல எத்தன சைக்கிளுங்க?" என்று. அறுபது மரக்கால் நெல் இழுக்கும் மாடு ஐம்பது மரக்கால் வண்டியை இழுக்க அழவா செய்யும்? அப்படித்தான் நினைத்தேன். "அதெல்லாம் சரியா வரும்" என்று சொல்லி ஏற்றிவிட்டேன். முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

வாங்க வேண்டியவை: டேப், கருப்பட்டி, நகத்துக்கு டிங்சர்.

22, திங்கள்.

வெயில். முதலாளி தேங்காய் உடைத்தார். சுவிட்சைப் போட்டேன். நல்ல சத்தம், ஆட்டம் இல்லை. பத்து நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு பெண்பிள்ளை ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே கவிழ்த்தாள். "என்ன எளவு அரப்புவே இது? பாதியும் நெல்லாக் கெடக்கு. இதக் கொண்டுபோய் நான் கோழிக்கா போடுகது?" சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரிப்பு.

தாணு காதோடு சொன்னான், "அத்தான், எஞ்சின்ல ஓடும்பம் உள்ள வேகம் இதுல இல்ல." சுற்று எண்ணிப் பார்த்தேன். தகட்டில் 1750. ஓடுவது 1450. சைக்கிள் குறைந்தால் வேகம் குறையும். புத்தகத்தில் முதல் பாடம். மாட்டுக் கணக்கு போட்ட மண்டையை எதில் முட்ட?

ஆனால் வழி இருக்கிறது. மோட்டாரில் பெல்ட் ஓடும் புல்லியைப் பெரிதாக மாட்டினால் அரவை மெஷினுக்குப் பழைய வேகம் வந்துவிடும். கோட்டாறு பட்டறையில் கடையச் சொல்லியிருக்கிறேன்.

24, புதன்.

பெரிய புல்லி மாட்டியாயிற்று. அரிசி பூவாக விழுகிறது. முதலாளி ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "கொள்ளாம்டே வேலாயுதம்" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது லேசு இல்லை.

11 மணிக்கு பியூஸ் போனது. 2 மணிக்கு மறுபடியும். கன்னி மாசத்து அறுப்பு நெல், மூட்டை ரோடு வரை அடுக்கியிருக்கிறது, வண்டிக்காரர்கள் சத்தம் போடுகிறார்கள். மூன்றாம் தரம் பியூஸ் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டேன்.

"அத்தான், ரெட்டக் கம்பி போடலாமா?"

"நீ ஒன் சோலியப் பாருலே."

அதன் பிறகு பியூஸ் போகவில்லை. மோட்டார் உடம்பில் கை வைத்தேன், மூன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது.

26, வெள்ளி.

மணவாளக்குறிச்சி போனேன். மணல் ஆலையில் மோட்டார் பார்க்கும் மேஸ்திரி பழக்கம். சும்மா கேட்பதுபோல, யாரோ ஒருத்தருக்கு என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "அறுபதுக்கு உள்ள மோட்டார அம்பதுல போட்டா, அதே வோல்டேஜுக்கு கரண்ட கூடக் குடிக்கும்வே. சும்மா ஓடுனாலே சூடாவும். அதுல பெரிய புல்லி மாட்டி முழுப் பாரமும் குடுத்தா? ரெண்டு வாரம் தாங்குனா அவன் அதிர்ஷ்டம்."

"என்ன செய்யணும்?"

"பழைய புல்லிய மாட்டிப் பாரத்தக் கொறைக்கணும். இல்லேன்னா உள்ள உள்ள கம்பிச் சுருளப் பிரிச்சு, அம்பதுக்குக் கணக்குப் பாத்துத் திரும்பச் சுத்தணும். ஆருவே அந்த மடையன்?"

பஸ்ஸில் வரும்போது முதலாளியிடம் சொல்ல வேண்டியதை மனதில் ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தேன். மில்லில் இறங்கினால் அவர் நாலு பேரிடம், "மோட்டார்னா இதுதாம்டே, நம்ம வேலாயுதம் மதுரைக்குப் போய்ப் பெறக்கி எடுத்துட்டு வந்தான்" என்று பெருமை அடித்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் தோளில் தட்டினார். வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன்.

பூஜை கழியட்டும், சொல்லலாம்.

27, சனி.

ஆயுத பூஜை. மில் ஓடவில்லை, எனக்கு மூச்சு வந்தது. மெஷின், பெல்ட், தராசு எல்லாவற்றையும் துடைத்தோம். சந்தனம் வைக்க மோட்டாரின் நெற்றி எது என்று தாணு தேடினான். "தகட்டுல வையி" என்றேன். நன்றாகக் குழைத்து அப்பினான். நான் குங்குமம் வைத்தேன். 60 என்ற எழுத்து மூடிப்போயிற்று. சாமி காரியத்திலும் இந்தப் புத்தி.

அவல், பொரி, கடலை. பகவதி பாயசம் கொடுத்தனுப்பியிருந்தாள். தாணு இரண்டு தம்ளர் குடித்தான். தை மாதம் இவனுக்குக் கல்யாணம், தேரூர் பெண். மில்லில் எல்லாரும் அதைச் சொல்லிக் கேலி.

29, திங்கள்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். பல் வலி வேறு. கிராம்பு வைத்தேன்.

30, செவ்வாய்.

எரிந்துபோயிற்று.

மத்தியானம் பன்னிரண்டரை. தாணு பின்பக்கம் கஞ்சி குடிக்கப் போயிருந்தான். கால் மணிக்கூர் கூட இராது. தினமும் போவதுதான், மெஷினில் நெல் தள்ளும் ஆள் நிற்பான். புகை வந்ததும் அந்த ஆள் சுவிட்சைத் தொடப் பயந்து வெளியே ஓடியிருக்கிறான். தாணு வந்து நிறுத்துவதற்குள் சுருள் கரி.

எனக்கு ஆள் வந்தது. போனேன். முதலாளி நடுமுற்றத்தில். "ஒறங்கியிருக்கான்டே! தின்னுட்டு அங்கணயே சாஞ்சிருப்பான். ரோட்டுல போறவனுக்கு வாடை அடிச்சிருக்கு, இவனுக்கு அடிக்கல்லியாம்!"

தாணு, "ஒறங்கல்ல மொதலாளி" என்று ஒரே ஒரு தரம் சொன்னான்.

முதலாளி என்னிடம் திரும்பினார். "நீ சொல்லுடே. மோட்டார்ல கொறை உண்டுமா?"

அந்த நேரம் என் வாய் புழுத்துப்போயிருக்கக் கூடாதா? "நல்ல மோட்டார்தான் மொதலாளி. பெல்ட்ட ரொம்ப இறுக்கி விட்டிருக்கு, பாத்துக்கிட்டு நின்னிருந்தா நிறுத்தியிருக்கலாம்" என்றேன். யார் இறுக்கியது என்று சொல்லவில்லை. சொல்லாமலே அது தாணு தலையில் விழுந்தது.

தாணு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தாலும் தேவலை.

அப்போதே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். கூட்டம் கலைந்ததும் முதல் வேலையாக இரட்டைப் பியூஸ் கம்பியைப் பிடுங்கி மடியில் சொருகினேன். அது தானாக நடந்ததுபோல நடந்தது.

அக்டோபர் 1, புதன்.

மழை. தாணு வீட்டுக்கு வந்தான். பகவதி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பெண்ணு கெட்டப் போறவன் பட்டப்பகல்ல ஒறங்குவானா? ஒனக்காவ இவிய மொதலாளி கால்ல விழாத கொறையா நின்னு வாங்கித் தந்த வேல! இவிய மொகத்துல கரியப் பூசிட்டியேலே!"

அவன் தலை குனிந்து நின்றான். அவள் என்னிடம், "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாவ? பாருங்க, ஒங்க மொகத்த ஏறிட்டுப் பாக்கானா?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மீன்குழம்பு. "விடு பகவதி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கும் அவள், "ஒங்களுக்கு மனசு எளக்கம்" என்றாள். மீதிச் சோற்றையும் பிசைந்து தின்றேன். தண்ணீர் குடித்தேன், கையும் கழுவினேன், நாய்கூட இப்படி இராது.

3, வெள்ளி.

தேரூரிலிருந்து பெண்ணின் சித்தப்பா வந்தார். உட்காரவில்லை. "மோட்டார எரிச்சுப்போட்டு வேல போனவன்னு ஊரெல்லாம் பேச்சு. ஒறக்கக்காரனுக்குக் குடுத்து எங்க பிள்ள என்ன செய்யும்? நீங்களே சொல்லுங்க" என்று என்னிடமே கேட்டார்.

அவர் படி இறங்கியதும் பகவதி கதவைச் சாத்தினாள். பிறகு அடுக்களைச் சுவரில் தலையை வைத்து அழுதாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். எங்கே போனேன் என்றால், தெப்பக்குளக்கரை. சும்மா.

கொட்டாரத்தில் ஒரு வீட்டு வயரிங், ஒத்துக்கொண்டபடி போகவில்லை.

5, ஞாயிறு.

தாணு காலையில் வந்தான், பெட்டியோடு. அருமனையில் ரப்பர் தோட்டத்தில் பாலை உறையவைத்து ஷீட்டாக அடிக்கும் வேலை, யாரோ தெரிந்தவன் சொல்லியிருக்கிறான். பகவதி கோயிலுக்குப் போயிருந்தாள். "அக்கா இல்லாத நேரம் பாத்துத்தான் வந்தேன்" என்றான்.

மடியிலிருந்து ஒரு காகிதப் பொதி எடுத்து என் கையில் வைத்தான். பிரித்தேன். மோட்டாரின் தகடு. கழுவித் துடைத்திருந்தான்.

"மொதலாளி வேற மெக்கானிக்கக் கூட்டிட்டு வருவாருன்னு பேச்சு. அவன் கண்டா ஒங்களுக்குக் கொறச்சலாப் போவும். அதான் அண்ணைக்கு அந்திக்கு என் துணிமணி எடுக்கப் போவும்பமே களத்தி எடுத்துட்டேன்."

தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். "ஒனக்கு எப்பம் தெரியும்?"

"சந்தனம் வைக்கும்பம் பாத்தேன். கரண்டு ஆபீசுல நம்ம கரண்டு அம்பதுன்னு எழுதித் தொங்குகது பாத்திருக்கேன்லா. அத்தானுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

"ஏம்லே சொல்லல்ல? அத்தன பேரு நிக்கும்பம்?"

"நீங்க சொல்லல்லியே அத்தான்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அக்கா ஒங்கள விட்டா எங்க போவா?" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கால் நகம் இன்னும் சரியாகவில்லை, சாய்ந்து சாய்ந்து போகிறான். கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. கூப்பிடவில்லை.

7, செவ்வாய்.

முதலாளி முன்னால் தகட்டை வைத்து எல்லாம் சொன்னேன். 60, 50, புல்லி, இரட்டைக் கம்பி, மேஸ்திரி சொன்னது, ஒன்றும் விடவில்லை. தாணு ஒரு தப்பும் செய்யவில்லை என்றேன்.

முதலாளி வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதி.

"வேற ஆருகிட்டயும் சொன்னியாடே?"

"இல்ல மொதலாளி."

"சொல்லாண்டாம். புது ஆளு எங்க தங்கச்சி மவன், நேத்து வந்துட்டான். இப்பம் தாணுவக் கூப்பிட்டா, வெசாரிக்காம வெரட்டுனேன்னு எனக்கல்லா கேடு? நீ பைய சுருளப் பிரிச்சு அம்பதுக்குச் சுத்தி மாட்டு. நடந்தது நடந்துட்டு."

"தேரூர்ல ஒரு வார்த்த நீங்க சொன்னா..."

"அது ஒங்க குடும்பக் காரியம்." தகட்டை என் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

மன்னித்துவிட்டார். எனக்கு வேலையும் போகவில்லை. வரும் வழி முழுக்க இதை நினைத்து உடம்பு கூசியது.

8, புதன்.

சுருள் பிரிக்க ஆரம்பித்தேன். கரிந்த வார்னிஷ் வாடை, கை முழுக்க. சோப்புப் போட்டும் போகவில்லை. பகவதி, "என்ன நாத்தம் இது?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தேன். இந்த நாளைக்கு என்ற சொல்லால்தான் மோட்டார் எரிந்தது.

9, வியாழன்.

வானம் மூட்டம், மழை இல்லை. காலையில் பகவதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். சொன்னேன். தொடக்கத்தில் அவளுக்கு விளங்கவில்லை, சைக்கிள் என்றதும் என் சைக்கிளை நினைத்துவிட்டாள். திரும்பச் சொன்னேன். தப்பு மோட்டார் வாங்கியது நான், தெரிந்தும் சொல்லாதது நான், தம்பி பெயரில் போட்டது நான்.

துருவுவதை நிறுத்தினாள்.

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும். முதல்லயே தெரியும்."

"மொதலாளிக்கு?"

"சொல்லிட்டேன்."

"அப்பம் எனக்கு மட்டுந்தான் தெரியாது." சிரிப்பது போல இருந்தது முகம். "ஊரு கேக்க அவன அந்த ஏச்சு ஏசுனேனே. நீங்க சோத்தப் பெசஞ்சுக்கிட்டுக் கேட்டுட்டு இருந்தியளே."

என்ன திட்டினாலும் கேட்பது என்று இருந்தேன். திட்டவில்லை. எழுந்து கை கழுவினாள், சேலை மாற்றினாள், துருவின தேங்காயை மூடி வைத்தாள்.

"நான் அருமனைக்குப் போறேன்."

"நானும் வாரேன் பகவதி."

"நீங்க வராண்டாம். நீங்க வந்தா, அத்தான் வந்துருக்காவன்னு அவன் ஓடிப்போய் ஒங்களுக்குச் சாயா வாங்கிட்டு வருவான். அதக் கண்டுட்டு நிக்க என்னக் கொண்டு ஆவாது." வாசலில் செருப்பைத் தேடினாள். "நீங்க தேரூருக்குப் போங்க. அந்தப் பெண்ணுக்க அப்பா முன்னால நின்னு சொல்லுங்க. நாலு பேரு இருக்கும்பம் சொல்லுங்க."

எப்போது வருவாய் என்று கேட்டேன். குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். ஒன்பது மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

இப்போது மணி பதினொன்றரை. சலவை வேட்டி கட்டியாயிற்று. தகட்டை எடுத்து மடியில் வைத்தாயிற்று. தேரூர் இரண்டு மைல்தான், நடந்தால் முக்கால் மணிக்கூர். இதை எழுதிக்கொண்டிருப்பதே கிளம்பாமல் இருக்கத்தான்.