ஒரு சாண் ஆழம்

அன்பான என் அண்ணாவுக்கு,

உன் காரியம் முடிந்து உறவெல்லாம் பஸ் ஏறிப் போய்விட்டது. நானும் நெய்வேலிக்குத் திரும்பிவிட்டேன். குவார்ட்டர்ஸ் வாசலில் பலா இந்த வருஷமும் நிறையக் காய்த்திருக்கிறது. முதல் பழத்தை வழக்கம்போல உனக்கென்று எடுத்து வைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது. யாரிடம் கொடுத்தனுப்ப?

வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்த மூக்குத்தி விஷயத்தை அண்ணி என்னிடம் சொல்லிவிட்டார்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. கம்மாபுரம் பக்கத்தில் இருந்த நம் வீட்டை மைன்ஸுக்கு எடுத்த சமயம் அது. ஓட்டைப் பிரித்து, மரத்தையெல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகும் நீ கிளம்பவில்லை. முதன்முதலில் அந்த வீட்டுக்கு நிலை வைத்த அன்று, அம்மா தன் இரண்டு மூக்குத்தியில் ஒன்றைக் கழற்றி, நவதானியத்தோடு துணியில் முடிந்து நிலைக்கு அடியில் வைத்தார். பொட்டுத் தங்கம் இல்லாமல் நம் பக்கத்தில் யாரும் வாசல் நிலை நிறுத்துவதில்லையே. பின்னால் அப்பா வீட்டைக் கிழக்கே நீட்டிக் கட்டி, வாசலையும் மாற்றிவிட்டார். பழைய நிலை எங்கே நின்றது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். புது வீட்டு நிலைக்கு அந்த மூக்குத்தியைத்தான் வைப்பேன் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய்.

என் வாய் சும்மா இருந்ததா? "எங்க வூட்டுக்காரரு ஆபீசுல ஒரு மெஷினு இருக்குதுண்ணா. பூமிக்குள்ள எம்மாம் ஆழத்துல எது கெடந்தாலும் கத்திக் காட்டிக் குடுத்துடும்" என்றேன். நீ அப்படியே நம்பினாய்.

இவர் டவுன்ஷிப் குடிநீர்ப் பிரிவில் இருந்தார். ரோட்டுக்கு அடியில் புதைந்துபோன வால்வு மூடிகளைத் தேடுகிற மெஷின் அது. அதைப் பிடித்து நடப்பவர் வேறொருவர். சத்தம் வந்த இடத்தில் தோண்டுவதுதான் இவர் வேலை. நான் வாய் விட்டுவிட்டு வந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பெரிய இரும்பு மூடின்னா ரெண்டு மூணு அடி வரைக்கும் கத்தும். காசு மாதிரி சின்னதுன்னா ஒரு சாண்தான். மூக்குத்திக்கு அந்த ஒரு சாணே சந்தேகம்டி."

"எங்கண்ணன் எதுர்ல இப்டியெல்லாம் பேசி என் மானத்த வாங்காதீங்க" என்றேன்.

ஆபீசரிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மெஷினை வாங்கி வந்தார். கிளம்பும்போது ரப்பர் செருப்பில் காலை நுழைத்தார். நான் விட்டேனா? "பர்மனென்ட் ஆளு மாமியா வூட்டுக்கு இப்டியா போவாரு?" என்று, வேலைக்குக் கொடுத்த சேஃப்டி ஷூவை நானே பாலிஷ் போட்டு மாட்டிவிட்டேன்.

வாசலில் அவர் குனிந்து ஷூவைக் கழற்றப் போனார். "இடிச்ச வூடுதான மாப்ள, ஆணியும் ஓடுமா கெடக்குது. போட்டுக்கினே வாங்க" என்றாய். அம்மாவைக் கிடத்தியிருந்த கூடத்தில் இவர் ஷூக்காலோடு நடந்தார். எனக்கு அது உறுத்தவே இல்லை அண்ணா. ஷூவை ஊர்க்காரர்கள் பார்க்கிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் கத்தியது. நீ கடப்பாரையோடு ஓடினாய். ஒரு கூரை ஆணி கிடைத்தது. மறுபடி கத்தியது, மறுபடி தோண்டினாய், ஒன்றும் இல்லை. அவர் நின்ற இடமெல்லாம் கத்தியது. கூடமெல்லாம் குழி. வெயில் ஏற ஏற ஊரே வந்து சுற்றி நின்றுகொண்டது.

"மூக்குத்தி தேட வந்தாரா, கெணறு வெட்ட வந்தாரா நெய்வேலி மாப்ள?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள்.

இவருக்கு அப்போதுதான் ஏதோ தோன்றியது. மெஷின் கம்பின் அடியில் இருந்த வட்டைத் தன் ஷூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கத்தியது. காலைத் தள்ளி வைத்தார், அடங்கிவிட்டது. ஷூ முனைக்குள் இருந்த இரும்புத் தகடுதான் இத்தனை நேரமும் கத்தியிருக்கிறது. அவர் முகம் செத்துப்போயிற்று. நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதுவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் நீ குழிக்குள் குதித்து, மண்ணைக் கிளறி, கையை மூடிக்கொண்டு எழுந்தாய். "கெடச்சிடுச்சி! ரெண்டடி ஆழத்துல கண்டுபுடிச்சிட்டாரு எம் மாப்ள!" மூடிய கையைக் கண்ணில் ஒற்றித் துண்டில் முடிந்துகொண்டாய். "அம்மாவோடது. புது நிலைக்கு அடியிலதான் பிரிக்கணும்" என்றாய். சிரித்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

பஸ்ஸில் இவர் மெதுவாக, "கத்துனது ஷூடி" என்றார். "அப்ப மூக்குத்தி எப்டி வந்துச்சாம்? சும்மா வாங்க" என்று அடக்கினேன்.

அதன் பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து! எல்லா இடத்திலும் நான் அந்தக் கதையைச் சொன்னேன். இரண்டடி இடுப்பாழம் ஆயிற்று. குறிஞ்சிப்பாடியில் ஒரு பந்தியில் உன்னை வைத்துக்கொண்டே ஆளுயரம் என்றேன். "ஆமாமா" என்று தலையாட்டிவிட்டு, ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாய். பரிமாறிக்கொண்டிருந்த அண்ணியும் சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

உன் காரியத்தன்று அண்ணியின் தாலியைப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். மறுநாள் அதைக் கழுவித் துடைத்தபோது கவனித்தேன்.

"இந்தப் பக்கம் ஒரு தங்கக் குண்டு கொறையுதே அண்ணி?"

"அது நெலைக்கு அடியில இருக்குது."

"அங்க அம்மா மூக்குத்திதான இருக்குது?"

அண்ணி தாலியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு ஒங்கண்ணன் கையில இருந்தது வெறும் மண்ணு, தனம். 'தங்கச்சி அழுவுது, மாப்ள தல குனிஞ்சி நிக்கறாரு, மூக்குத்தி போனாப் போவுது'ன்னுட்டாரு. நெலைக்குப் பொட்டுத் தங்கம் வேணுமேன்னு நாந்தான் ஒரு குண்ட அவுத்துக் குடுத்தேன்."

பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. இங்கே வந்து இவரிடம் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும். மச்சான் கண்ணக் காட்டினாரு, பேசாம இருந்துட்டேன்" என்கிறார். ஆக, தெரியாமல் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஏன் அண்ணா அப்படிச் செய்தாய்? ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இன்னொரு தரம் நடக்கச் சொல்லியிருக்கலாமே? ஒருவேளை ஒரு சாணுக்குள்ளேயே கிடந்திருக்குமோ என்னவோ. இனி எங்கே போய்த் தேட? அந்த இடத்தில் இப்போது மண்ணே இல்லை. நம் கூடம் இருந்த இடம் மைன்ஸ் தோண்டிய வெறும் பள்ளம்.

அம்மாவின் இன்னொரு மூக்குத்தியை நான்தானே போட்டிருக்கிறேன். அதைக் கழற்றி அண்ணி கையில் வைத்தேன். அவர் அதை என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்து மூடினார். "போட்டுக்க. ஒங்கம்மாவோடது இது ஒன்னுதான் மிச்சம்." கண்ணாடி பார்க்கவே கூசுகிறது அண்ணா.

உன் வருஷத் திதிக்கு எல்லாரும் வருவார்கள். அன்றைக்குக் கேலி செய்த பக்கத்து வீட்டுக்காரரும் வருவார். யாராவது மெஷின் கதையைக் கேட்பதற்கு முன்னால் நானே எழுந்து சொல்வேன். அது ஒரு சாணுக்கு மேல் போகாது என்பேன். நிலைக்கு அடியில் இருப்பது அண்ணியின் தாலிக் குண்டு என்பேன். என் அண்ணன் கையில் இருந்தது வெறும் மண் என்று, ஆளுயரம் சொன்ன இதே வாயால் சொல்வேன். இது சத்தியம்.

நீ மானம் காத்த தங்கை,
தனம்