செவுள் முளைக்காத தண்ணீர்

அன்பின் ஆன்சலா அக்காவுக்கு,

வவுனியாவில் நீயும் றஜித் அத்தானும், உன் வயிற்றுக்குள் உதைபந்து பழகுகிறவரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நான் சுகம். என்னால் மற்றவர்களுக்குத்தான் சுகமில்லை.

ஏன் கடிதம் என்று யோசிப்பாய். முட்டாள்கள் தினமான ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து என் போன் அம்மாவின் அலுமாரிக்குள் பூட்டுப்பட்டு மறியலில் இருக்குது. அவாவின் போனில் கதைத்தால் ஸ்பீக்கர் போட்டுத் தெருவுக்கே கேட்கும். அதனால்தான் வவுனியாவுக்கு வருகிற பக்கத்து வீட்டு வினோதன் அண்ணாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அன்றைக்குத் தெருக்குழாயில் நான் ஒட்டிய நோட்டீஸ் ஞாபகமா? இத்தண்ணீரைப் பருகுவோருக்குச் செவுள் முளைக்கும், இப்படிக்கு நீர்மேல் அதிகாரி. பாதித் தெரு குடத்தோடு கோயில் கிணற்றுக்கு ஓடினது. மீன் பிடிக்கிற ஊரில் ஆருக்குத்தான் மீனாக விருப்பம்!

போன மாதம் அதே குழாயில் உண்மையான நோட்டீஸ் ஒட்டினார்கள், அக்கா. வயல்களுக்குப் போட்ட உரம் நிலத்துக்குள் இறங்கி, ஊருக்குத் தண்ணீர் இறைக்கிற கிணற்றில் நைத்திரேற்று நஞ்சு கூடிவிட்டதாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் குடிக்கக்கூடாது, கொதிக்க வைத்தாலும் போகாது என்று போட்டிருந்தது. அம்மா வாசித்தா. என்னைப் பார்த்தா. கிழித்தா. பிறகு அந்தக் கடதாசியாலேயே அடுப்பை மூட்டி, அதே தண்ணியைக் கொதிக்க வைத்தா.

சந்திக்குத் தண்ணி லொறி, பவுசர், வரத் தொடங்கியதும் தெரு நம்பிவிட்டது. அம்மா மட்டும், பயந்த சனத்துக்காகத்தான் பவுசர் வருகுது, பயத்தைக் கிளப்பினதே என்ர மகள்தான் என்கிறா. மாதா மேல சத்தியம் பண்ணினேன். செவுளுக்கும் நீ சத்தியம் பண்ணினனிதானே என்று கேட்டா.

கொதிக்கக் கொதிக்கத் தண்ணிதான் ஆவியாகப் போகும், நஞ்சு அடியில் தடிக்கும் என்று சிவரூபி ரீச்சர் சொன்னா. அம்மாவோ, நீ பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்தால் உனக்கு மூன்று தரம் கொதிக்க வைத்துத் தரப்போறாவாம். உனக்குப் பால் காணாவிட்டால் என்று பால்மாப் பேணியும் வாங்கி வைத்திருக்கிறா. அவாவில் கோபிக்க மனம் வரவில்லை. எங்கள் இரண்டு பேரையும் இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, தலையில் குடத்தோடு எத்தனை வருசம் நடந்தவா! தெருவுக்கு வந்த குழாயை அவா முதலில் திறந்த படம் இப்பவும் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில்தான் தொங்குது.

எனக்கு ஒரு கனவு வருகுது. ஊர்த் தண்ணித் தாங்கி கடலில் வருகிற வெள்ளைச் சொறிமீன் மாதிரி வானத்தில் மிதக்குது. அதுக்குள் உன் பிள்ளை கண்ணைத் திறந்தபடி நீந்துது. நான் கீழே நின்று, குடிக்காதை, குடிக்காதை என்று கத்துகிறேன். சின்னம்மா பகிடி விடுறா என்று அது சிரிக்குது. சிரிக்க வாயைத் திறக்குது.

அந்தக் கனவில் எழும்பின அன்றைக்குத்தான் ஒரு புது வேலை தொடங்கினேன். அம்மா விடிய மீன் வாடிக்குப் போனதும் சைக்கிளில் இரண்டு தண்ணிக் கானைக் கட்டிக்கொண்டு சந்திக்குப் போவன். களப்புத் தண்ணிக்கு மேலே பனிப்புகார் கிடக்கும். என்ர சில்லுச் சத்தத்தைத் தவிர உலகத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பவுசர்த் தண்ணியைக் கொண்டுவந்து, குடத்தில் இருக்கிற குழாய்த் தண்ணியை வாழைக்கு ஊற்றிவிட்டு, இதை நிரப்பிவிடுவன். நேற்று அம்மா அதில் ஒரு செம்பு குடித்துவிட்டு, நாங்கள் நடந்த நடைக்குக் கிடைச்ச தண்ணி, தேன் மாதிரி என்றா. என் பகிடிகளில் இதுதான் ஆகத் திறம். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை வருகிறாய். திங்கள் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை தொடங்குது. நான் இல்லாத பகலில் குடம் முடிந்தால் அவா குழாயடிக்குத்தான் போவா. வராதே என்று சொல்ல மாட்டன். உனக்குத் தைத்த சட்டைகளைத் தினமும் மடித்து மடித்து வைக்கிறா. வர முன்னம் அம்மாவுக்கு ஒருக்கா கோல் எடு. குழாய்த் தண்ணி கூடாதென்று கிளினிக் டொக்டர் சொன்னவர் என்று நீயே சொல்லு. உன் சொல்லை நம்புவா. நீ ஒருநாளும் அவாவை ஏமாற்றினதில்லை.

குடத்துக் கதையையும் சொல்லிவிடு. அடி விழட்டும். இந்த ஒரு முறை நான் பிடிபட வேணும், அக்கா.

மாதா உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி
பிரியந்தினி