லிகாண்டாவில் ஊற்றிய தண்ணீர்

லிகாண்டா ஊழிய நிலையம்,
சாம்பேசி நதிக்கரை.
14 மார்ச் 1911

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் மாபுலெங் எழுதுவது. நானும் அவரும் பிள்ளை நேயோவும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத ஆசைதான். வெள்ளம் வடியாத மாசத்தில் இங்கிருந்து அப்படி எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். தண்ணீர் கோவில் வாசற்படிவரை வந்து நிற்கிறது. போன ஞாயிறு பாதிச் சபை ஓடத்தில் வந்து இறங்கியது.

நீங்கள் அனுப்பிய பீச் வற்றல் வழியில் நனைந்து பூஞ்சை பூத்து வந்து சேர்ந்தது. உங்கள் மருமகன் அதையும் துடைத்துத் தின்றுவிட்டார். அடுத்த முறை தகரப் பெட்டியில் போட்டு அனுப்புங்கள். நம் மலைப் பழத்தின் வாசனை இல்லாமல் இந்தச் சதுப்பில் எத்தனை வருஷம் இருப்பது?

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நாசிலேலேயைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அரண்மனைக்காரர்களிடம் அடிமையாக இருந்து விடுதலையானவள், என் ஞானஸ்நான வகுப்பில் முதல் ஆள். நான்கு வருஷமாக வகுப்பில் இருக்கிறாள். குருப்பட்டம் பெற்ற ரூவியே துரை ஆற்றின் கீழே பத்து நாள் தூரத்தில் இருப்பவர். இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் வரவில்லை. அவர் வராமல் யாருக்கும் ஞானஸ்நானம் இல்லை. உங்கள் மருமகனைப் போன்ற உபதேசியார் பிரசங்கம் செய்யலாம், பாடை தூக்கலாம், பள்ளிக்கூடம் நடத்தலாம். தண்ணீரை மட்டும் தொடக்கூடாது.

பிப்ரவரியில் நாசிலேலேக்குக் காய்ச்சல் கண்டது. என் வீட்டுக்காரர் மேல்கிராமத்துப் பள்ளிக்குப் போயிருந்தார். ஆறாம் நாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, துரை வந்துட்டாரா?"

"இன்னும் இல்லடி."

"அப்ப நீங்க ஊத்துங்க. நான் பேரில்லாம போகமாட்டேன்."

நான் ஊற்றினேன் அப்பா. பட்டப்பகலில், பதினைந்து பேர் பார்க்க, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஊற்றினேன். ரூத் என்று பெயர் வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவள் சாகவில்லை. நாலாம் நாள் எழுந்து கஞ்சி கேட்டாள். இப்போது வீடு வீடாகப் போய், "நான் ரூத், என் பேர் ரூத்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். செத்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பிழைத்துவிட்டாளே, இனி எல்லாரும் கேட்பார்கள்.

உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. திட்டுவதென்றால் திட்டுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
மாபுலெங்


மாசலெங் சபை,
பசுத்தோலாந்து.
20 மே 1911

என் மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாசித்ததும் அடுப்பில் போட்டேன். இதையும் நீ அப்படியே செய்.

தண்ணீர் ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறாய். ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று இனி எங்கும் எழுதாதே, யாரிடமும் சொல்லாதே. குருப்பட்டம் பெறாத கை ஊற்றினால் அது தண்ணீர்தான். இது நீ அறியாததா? பத்து வயதிலேயே சபை ஒழுங்கு முழுவதையும் பாராமல் ஒப்பித்தவள் நீ.

நான் யார் என்பதையும் நினைத்துப் பார். இத்தனை வெள்ளைக்காரப் போதகர்கள் இருக்கும் சங்கத்தில் கறுப்புத்தோல் போதகர்கள் நாங்கள் நான்கு பேர். அதில் செயலாளர் நான். "உங்க ஆளுங்களுக்கு ஒழுங்கு வராது ஐயா" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாய்க்கு நீ அவல் கொடுக்கலாமா?

துரை வந்ததும் அந்தப் பெண்ணை வரிசையில் நிறுத்து. அவர் முறைப்படி கொடுக்கட்டும். நீ ஊற்றியது காய்ச்சலுக்கு நெற்றியை நனைத்தது என்று இருக்கட்டும். நீ ஆறு வாரக் குழந்தையாக இருந்தபோது டெல்வோ துரையின் கையால் ஞானஸ்நானம் பெற்றவள். சபைப் புத்தகத்தில் அவர் பெயரும் உன் பெயரும் ஒரே வரியில் இருக்கின்றன. அந்த வரிக்கு ஏற்றபடி நட.

இங்கே மலையில் முதல் பனி விழுந்துவிட்டது. முழங்கால் வலி எனக்கு. உன் அம்மா இருந்தால் தைலம் தேய்த்துவிடுவாள்.

போதகர் எலியாசர் மொஹாபி,
சபைச் சங்கச் செயலாளர்


லிகாண்டா.
30 ஜூலை 1911

அன்புள்ள அப்பாவுக்கு,

செயலாளர் கையெழுத்துப் போட்டு வந்த கடிதம் கிடைத்தது. அப்பா எழுதினால் அதையும் வாசிக்க ஆசையாக இருக்கிறேன். அடுப்பில் போடவில்லை. முழங்கால் வலியைப் பற்றி எழுதிய இரண்டு வரிக்காகப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னது காலதாமதமாக வந்து சேர்ந்தது. நாசிலேலே பிழைத்து ஒரு மாசத்தில் வகுப்பில் மீதியிருந்த பத்துப் பெண்களும் என் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் கேட்டாள்:

"ஏம்மா, அவ செஞ்சதுல நாங்க எதைச் செய்யல? நடுங்குனது ஒண்ணுதானே? நாங்களும் காய்ச்சல்ல விழுந்தாத்தான் ஊத்துவீங்களா?"

உங்கள் மருமகனைப் பார்த்தேன். பிலேமோன் நிதானமான மனுஷன், உங்களுக்குத் தெரியும். "நீ ஆரம்பிச்ச வேலை. நான் போய்த் தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று பானையைத் தூக்கிக்கொண்டு போனார். பத்துப் பேருக்கும் ஊற்றினேன்.

ரூவியே துரை இந்த மாதம் வந்தார். ஞாயிறு காலை கோவிலுக்குள் நுழைந்தவர், பதினொரு பெண்களும் முன்வரிசையில் இருப்பதைப் பார்த்தார். ஞானஸ்நானம் இல்லாதவர்கள் கதவோரம் உட்காருவதுதானே வழக்கம்?

"நீங்களெல்லாம் எழுந்து பின்னால போங்க. அடுத்த வாரம் நானே முறைப்படி தரேன்" என்றார்.

நாசிலேலே எழுந்தாள், போகவில்லை. "எழுந்திரு, பின்னால போன்னு என்னை நிறையப் பேர் சொல்லியிருக்காங்க துரை. அப்ப நான் அடிமை. போனேன். இப்ப போகமாட்டேன். ஒருதரம் நனைஞ்சவ மறுபடி எதுக்கு நனையணும்?"

துரை என்னைப் பார்த்தார். "உபதேசியார் பெண்சாதி, நீங்க சொல்லுங்க இவங்ககிட்ட." நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முதல் பாட்டைத் தொடங்கினேன். பதினொரு பேரும் சேர்ந்து பாடினார்கள். அன்றைக்குப் பிரசங்கம் இல்லை.

சங்கத்துக்கு எழுதப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் கடிதம் உங்கள் மேஜைக்குத்தான் வரும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள்,
மாபுலெங்


மாசலெங்.
2 அக்டோபர் 1911

லிகாண்டா உபதேசியார் பிலேமோனுக்கும் அவர் மனைவிக்கும்,

சங்கம் கூடித் தீர்மானித்தது இது. லிகாண்டாவில் ஊற்றப்பட்ட தண்ணீர் வெறும் தண்ணீர் என்று உபதேசியாரின் மனைவி சபை முன்னிலையில் அறிக்கை செய்ய வேண்டும். பதினொரு பெண்களும் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். மறுத்தால் உபதேசியார் பட்டியலிலிருந்து பிலேமோனின் பெயர் நீக்கப்படும். அடுத்த வெள்ளம் வடிந்ததும் குடும்பத்தோடு ஊர் திரும்ப வேண்டும். திரும்பி வர உத்தரவு இருக்காது. மறுத்தால் அதற்கான முறையான உத்தரவு பின்னர் வரும்.

மகளே, மேலே இருப்பது சங்கத்தின் எழுத்து. இது என் எழுத்து. ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிடு. வாயால் சொல்வதுதானே. உன் வீட்டுக்காரர் பிழைப்பும் என் தலையும் உன் நாக்கில் இருக்கின்றன. உன் காலில் விழுவதாக நினைத்துக்கொள்.

எலியாசர் மொஹாபி,
செயலாளர்


லிகாண்டா.
9 டிசம்பர் 1911

அப்பா,

சொல்லமாட்டேன்.

பிலேமோனிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "பட்டியல்ல பேர் இல்லேன்னா பாடம் நடத்த வாய் வராதா?" என்று கேட்டுவிட்டு மீன்வலையைத் தைக்கப் போய்விட்டார். அவ்வளவுதான் அவர் பதில்.

ஏன் சொல்லமாட்டேன் என்று எழுதுகிறேன். இதுவரை உங்களுக்கு எழுதாத ஒன்று இது.

என் மூத்தவள் புலெங்குக்கு மூன்று மாசம் ஆனபோது காய்ச்சல் வந்தது. ரூவியே துரை இரண்டு வாரத்தில் வருகிறார் என்று செய்தி. நான் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கையை உள்ளே விட்டேன், எடுத்தேன், விட்டேன், எடுத்தேன். ஊற்றவில்லை. குருப்பட்டம் பெறாத கை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். போதகர் எலியாசரின் மகள் அல்லவா? மறுநாள் மத்தியானம் குழந்தை போய்விட்டாள். துரை பன்னிரண்டாம் நாள் வந்தார்.

ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குக் கல்லறை வேலிக்குள் இடமில்லை என்றார். ஆகவே என் பிள்ளை வேலிக்கு வெளியே கிடக்கிறாள். எந்தப் புத்தகத்திலும் அவள் பெயர் இல்லை. மூத்த பிள்ளையின் பெயரால் தாயைக் கூப்பிடுவது நம் வழக்கமாக இருக்கப்போய், மாபுலெங், புலெங்கின் அம்மா, என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் வாயில் மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. ரூவியே துரை அதையும் சொல்வதில்லை. "உபதேசியார் பெண்சாதி" என்பார்.

நாசிலேலே என் கையைப் பிடித்தபோது அதே கிண்ணத்தைத்தான் எடுத்தேன். அன்றைக்கு ஒழுங்குக்குக் கீழ்ப்படிந்தேன், இன்றைக்கும் அதை நினைத்து என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. இன்னொருமுறை கீழ்ப்படியமாட்டேன். அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீர் என்று என் வாயால் வராது. எங்களைப் பிடித்துத் தூக்கி ஓடத்தில் போட்டால்தான் உண்டு.

கடைசியாக ஒரு கேள்வி. டெல்வோ துரை எனக்கு ஆறாம் வாரம் ஞானஸ்நானம் கொடுத்தார் என்று எழுதினீர்கள். நான் வெள்ளைக்காரரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையின்போது மலைக்குகையில் பிறந்தேன். அந்தக் குளிர்காலம் முடியும்வரை ஒரு துரையும் மலை ஏறவில்லை என்று அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அவர் எப்படி வந்தார்? அம்மா சாகக் கிடந்தபோது இதைக் கேட்டேன். சிரித்தாள். "உங்க அப்பாகிட்ட கேளு" என்றாள்.

கேட்கிறேன்.

மாபுலெங்


மாசலெங்.
18 பிப்ரவரி 1912

மாபுலெங், என் கண்ணே,

உன் கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை.

டெல்வோ துரை வரவில்லை. நானும் அங்கே இல்லை, கீழே சண்டையில் இருந்தேன். குகையில் உனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. வெளியே பனி. உன் அம்மா ஒரு பிடி பனியை வாயில் போட்டு, குழந்தைக்குச் சில்லிடக்கூடாது என்று வாயிலேயே சூடாக்கி, உள்ளங்கையில் உமிழ்ந்து உன் தலையில் ஊற்றினாள். மூன்று நாமங்களையும் சொன்னாள். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவள் அவள்தான்.

சண்டை முடிந்து வந்ததும் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அப்போது நான் உபதேசியார், குருப்பட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். டெல்வோ துரை கடலோரத்தில் காலமாகிவிட்டார், கேட்க ஆள் இல்லை. புத்தகத்தில் நானே அவர் பெயரை எழுதினேன். உன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஊத்தினதுக்கு அவர் பேரா?" என்றாள். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை உனக்கு நான் முன்பே சொல்லியிருந்தால் அன்றைக்குக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டாய். புலெங்குக்கு ஊற்றியிருப்பாய். உன் கையைப் பிடித்துத் தடுத்தது சபை ஒழுங்கு இல்லை, என் பொய். மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

போன வாரம் சங்கம் கூடியது. சபைப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோனேன். உங்களைத் திரும்ப அழைக்கும் உத்தரவில் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டிய நேரம் வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்து, "இந்த வரி என் கையெழுத்து. இது பொய். என் பெண்சாதி ஊற்றினாள்" என்றேன். பிறகு தலைவர் துரை கேட்டார்:

"அப்படின்னா உங்க மகள் ஞானஸ்நானம் இல்லாதவளா, மொஹாபி?"

"நீங்கதான் அவளுக்குப் பதினஞ்சு வருஷம் திருவிருந்து கொடுத்தீங்க ஐயா. நீங்கதான் ஊழியத்துக்கு அனுப்பினீங்க. அவ கிறிஸ்தவள் இல்லேன்னா லிகாண்டாவுக்கு நீங்களே போய் அவ முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. கிறிஸ்தவள்னா, அந்தப் பதினொரு பேரையும் அவளோட சேர்த்து எழுதுங்க."

பொய் எழுதியதற்காக என்னைப் பிரசங்க பீடத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அது நியாயம்தான். உங்கள் உத்தரவில் வேறொருவர் கையெழுத்துப் போடுவார், சந்தேகமில்லை. அது வரும்போது அங்கே இன்னொரு ஆளாக நானும் இருப்பேன். மூன்று பேரைத் தூக்கி ஓடத்தில் போட நினைத்தவர்கள் நாலு பேரைத் தூக்கட்டும். எனக்கு எடை அதிகம்.

ஏப்ரலில் ரயில் ஏறுகிறேன். கோவிலில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று நாசிலேலே சொல்லட்டும், கதவோரம் என்றாலும் சரி. பீச் பழம் அறுத்துக் கூரைமேல் காயப்போட்டிருக்கிறேன். இந்தமுறை தகரப் பெட்டியில், என் மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன்.

வந்ததும் முதல் வேலை, கல்லறை வேலியைப் பிடுங்கி, புலெங்கும் உள்ளே வரும்படி அவளுக்கு அந்தப் பக்கம் நட வேண்டும். பிலேமோனைக் கழி வெட்டி வைக்கச் சொல். கடப்பாரை உங்களிடம் இல்லையென்றால் உடனே எழுது, இங்கிருந்து எடுத்து வருகிறேன்.

உன் அப்பா