பன்னிரண்டு தப்படி

சார்,

போன செவ்வாய்க்கிழமை மழை விட்டதும் கார்ப்பரேஷன்காரர்கள் எங்கள் தெருவோரம் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். ஓட்டைச் சட்டியை ஆட்டி ஆட்டி ஒருவர் போட்ட கோடு, லாரி ஷெட் வரைக்கும் கோணல்மாணலாகப் போயிற்று. பால் வாங்க வெளியே வந்தவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நீங்கள் பார்த்திருந்தால் அந்த ஆளிடமிருந்து சட்டியைப் பிடுங்கியிருப்பீர்கள்.

நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. அழுதெல்லாம் முடித்துவிட்டேன். இப்போது அலுப்புதான் மிச்சம். உங்களிடம் சொல்லாமல் விட்டதை வைத்துக்கொண்டு நடமாடுகிற அலுப்பு. இனி அதைக் கேட்க உங்களுக்குக் காது இல்லை என்பதால் எழுதுகிறேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன்பே நீங்கள் கிரவுண்டுக்கு வந்துவிடுவீர்கள். பெயிண்ட் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சுண்ணாம்புத் தூளை நிரப்பி, நீங்களே கோடு போடுவீர்கள். மத்தியானத்துக்குள் தூசி படிந்து அது சாம்பல் நிறமாகிவிடும். மறுநாள் மறுபடியும் போடுவீர்கள். பெனால்டி புள்ளிக்கு மட்டும் தனி மரியாதை. கோல் கோட்டிலிருந்து பன்னிரண்டு தப்படி, வாய்விட்டு எண்ணி நடந்து, ஒரு பிடி சுண்ணாம்பை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பீர்கள்.

"இன்னா டீச்சர், கணக்கு சரியா கீதுல்ல?"

வகுப்பில் வரலாறு நடத்தும்போது அச்சடித்த மாதிரி தமிழ் பேசுகிற மனிதர், கிரவுண்டில் கால் வைத்ததும் இப்படித்தான். ஹெட்மாஸ்டர் முகம் சுளித்தால், "இங்க பந்துக்கு இந்த பாஷ தான் சார் புரியும்" என்பீர்கள். நானோ கணக்கு டீச்சர். பெண்கள் ஃபுட்பால் அணியோடு ஒரு பெண் ஆசிரியர் போக வேண்டும் என்று என்னை உங்கள் தலையில் கட்டினார்கள். கார்னருக்கும் த்ரோவுக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்தவளை ஒரே வருடத்தில் தொண்டை கிழியக் கத்த வைத்துவிட்டீர்கள்.

பள்ளிகளுக்கான போட்டியில் நாம் ஆடிய அந்த ஃபைனலுக்கு வருகிறேன்.

ஜெசிந்தா ஒன்பதாம் வகுப்பு. காசிமேட்டில் அப்பா மீன்பிடி போட்டுக்குப் போகிறவர். மற்ற பெண்கள் பெனால்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிப்பார்கள். இவள் மட்டும் மெதுவாக, வலது மூலைக்குத் தட்டிவிடுவாள். கீப்பர் சாய்வதற்குள் பந்து உள்ளே போயிருக்கும். நம் கிரவுண்டில் அவள் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் கடைசி பெனால்டியை அவளிடம் கொடுத்தீர்கள். அந்தப் பெரிய மைதானத்திலும் அதே மாதிரிதான் தட்டினாள். பந்து உருண்டு போய்ச் சேர்வதற்குள் எதிரணி கீப்பர் விழுந்து அணைத்துக்கொண்டாள். தோற்றோம்.

வேனில் திரும்பினோம். நீங்கள் முன்சீட்டில் முட்டியை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ராயபுரம் பாலம் ஏறும்போது திரும்பாமலேயே ஜெசிந்தாவிடம் சொன்னீர்கள்.

"பயந்துட்டம்மா நீ. அவ்ளோதான்."

திங்கட்கிழமை ஜெசிந்தா கிரவுண்டுக்கு வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போய் வந்தீர்கள். அவள் உள்ளேயே இருந்துகொண்டு இல்லை என்று சொல்லச் சொன்னாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. பயப்படுகிற பெண் அப்படி நிதானமாகத் தட்டுவாளா? ஒரு சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, வகுப்பிலிருந்து கரும்பலகைக்கு வைத்திருக்கும் மர மீட்டர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். கோல் கோட்டிலிருந்து உங்கள் புள்ளி வரைக்கும் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். பன்னிரண்டு கஜத்துக்குப் பதினொரு தடவை போக வேண்டும். ஒன்பதரைதான் போயிற்று. மறுபடியும் போட்டேன். ஒன்பதரைதான்.

முட்டி தேய்ந்த பிறகு உங்கள் நடை குறுகிவிட்டது, சார். எண்ணிக்கை மட்டும் பன்னிரண்டாகவே இருந்தது. வருடக்கணக்காக நம் பெண்கள் ஒன்றரை மீட்டர் கிட்டத்திலிருந்து அடித்துப் பழகியிருந்தார்கள். ஓங்கி அடிக்கிறவர்கள் தப்பித்தார்கள். தட்டுகிறவள் மாட்டிக்கொண்டாள்.

உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலை சொல்லத்தான் வந்தேன். நீங்கள் ஒரு காலை இழுத்து இழுத்து எண்ணிக்கொண்டிருந்தீர்கள். "ஏழு... எட்டு..." "முட்டி வலியோட எதுக்கு சார், கோடு நான் போடறேன்" என்று டப்பாவை வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் வெறும் கையைப் பார்த்தீர்கள்.

"அப்ப நான் கெயவன் ஆயிட்டேன்றீங்க."

சிரித்துத்தான் சொன்னீர்கள். அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் ஸ்கேல் வைத்துச் சரியான இடத்தில் புள்ளி வைத்தேன். பிள்ளைகளின் பந்து நாலு நாள் மெதுவாகப் போய்க் கீப்பர் கையிலேயே சிக்கியதற்கு, பந்தில் காற்று போதவில்லை என்று நீங்கள் கடைக்காரரிடம் சண்டை போட்டீர்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ரிட்டயர் ஆன பிறகும் தினமும் வந்து கோட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தீர்கள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் அதே பேச்சு. "அந்தப் பொண்ண பயந்துட்டன்னு சொல்லிட்டேன் டீச்சர். பயந்தே இருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது." நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் இத்தனை வருடம் பேசாமல் இருந்தேன். கடைசியில் அந்தப் பழியோடுதான் உங்களை அனுப்பி வைத்தேன்.

பிளீச்சிங் பவுடர் கோட்டைப் பார்த்த மறுநாள் காலை காசிமேட்டுக்குப் போனேன். விசாரித்துக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. ஜெசிந்தா மீன் விற்கிறாள். உடம்பு பருத்திருக்கிறது, அந்த நிதானம் மட்டும் அப்படியே இருக்கிறது. சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டே நான் சொன்னது முழுவதையும் கேட்டாள். மர ஸ்கேல், ஒன்பதரை, எல்லாம் சொன்னேன்.

"தெரியும் டீச்சர்" என்றாள்.

பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

"பந்த வச்சப்பவே கோலு தூரமா இருந்துச்சி. சாரு தப்பா வைக்க மாட்டாருல்ல, இவனுங்கதான் மாத்தி வச்சிக்கிறானுங்கன்னு நெனச்சேன். சாரு சொல்லிக்குடுத்த மாதிரியே தட்டினேன். வேன்ல அவரு முட்டிய அமுக்கிகினு வந்தாரு பாருங்க, அப்பதான் நம்ம புள்ளிதான் கிட்ட கீதுன்னு புரிஞ்சிது."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"அந்த முட்டியோட இத்த வேற சொல்லணுமா? சொல்லியிருந்தா மறுநாள்லேர்ந்து கிரவுண்டுக்கே வந்திருக்க மாட்டாரு. அதான் நான் வர்றத நிறுத்திக்கினேன்." மீனைத் திருப்பிப் போட்டாள். "நான் சின்னப் புள்ள டீச்சர். நீங்க சொல்லியிருக்கலாம்ல."

கோபமாகக் கூடக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். ஒரு தடவை கிரவுண்டுக்கு வாயேன் என்றேன். "காலைல ஏலம் டீச்சர், எங்க வர்றது" என்று மீனைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

இப்போது எனக்கும் முட்டி போய்விட்டது, சார். குனிந்து ஸ்கேலைப் பதினொரு தடவை போட்டு நிமிர்வதற்குள் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் இந்த வாரம் முதல் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. சரியான புள்ளியை வைத்த பிறகு, ஒன்றரை மீட்டர் முன்னால் உங்கள் இடத்திலும் ஒரு பிடி சுண்ணாம்பு வைக்கிறேன். அது எதற்கு டீச்சர் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சார் தப்பாக அளந்த இடம், அது எனக்குத் தெரிந்திருந்தும் நான் சொல்லாமல் விட்ட இடம் என்று சொல்கிறேன். தினமும் யாராவது ஒரு புதுப் பிள்ளை கேட்கிறது. தினமும் சொல்கிறேன்.