கனகாம்பர நிறம்

பங்குனி 18, செவ்வாய்
வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. சீமைச் சண்டையால் நின்றுபோன கண்ணாடிக் குழாய்ப் பெட்டி ஒருவழியாக வந்தது. இரண்டு உடைசல். மற்றவற்றை ஆஸ்பத்திரி ஜன்னலோரம் நிறுத்தினேன்.
வேலை: இரத்தம் கொஞ்சம், பிக்ரிக் அமிலம், வடிகட்டல், சலவைச் சோடா, கொதிநீர். சர்க்கரை குறைவென்றால் எலுமிச்சை மஞ்சள். கூடக்கூடச் சிவக்கும். என் விரலெல்லாம் மஞ்சள். "மஞ்ச அரைச்சியளோ?" வீட்டில் என் மனைவி பகவதி சிரிக்கிறாள். மெலிந்துவிட்டாள். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள்.

20, வியாழன்
ப.வை வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒப்பிட என் இரத்தமும். என்னுடையது எலுமிச்சை. அவளுடையது கனகாம்பரம்.
டாக்டர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு மருந்து கிடையாது வே. பட்டினி போட்டா கொஞ்ச காலம் தள்ளலாம்."
அழகான நிறம். பார்த்துக்கொண்டே நின்றேன். வேப்பமரம், ரோட்டில் போன வண்டி, எல்லாம் அதற்குள் மிதந்தன.
மறக்காமல்: வடிதாள் கேட்டு எழுத.

21, வெள்ளி
காலையில் தெருவில் பதநீர்க்காரி குரல். ப. செம்போடு ஓடினாள்.
"நேத்தும் குடிச்சியா?"
"தெனமும் குடிக்கதுதான."
"வெறும் வயிறுன்னு சொன்னேனே!"
"ஒண்ணும் திங்கலியே. பதநீ சாப்பாடா?"
பனங்காட்டு ராதாபுரத்துப் பெண்ணிடம் வேறென்ன பதில் வரும்! தப்பு என்னுடையது, கேட்டிருக்க வேண்டும். அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது. டாக்டரிடம் ஓடினேன். "அப்ப அது செல்லாது வே. திங்கக்கெழம மறுபடி பாப்போம்."

23, ஞாயிறு
ஆற்றில் குளியல். முழங்கால் தண்ணீரில் வெகுநேரம். ஆறு முழுக்க எலுமிச்சை நிறமாக ஓடுவதாக நினைத்துக்கொண்டேன். துவைத்த வேட்டி தண்ணீரோடு போனதுகூடத் தெரியவில்லை. ப. ஏசினாள். ஏசட்டும். இன்னும் நாற்பது வருஷம் ஏசட்டும்.

24, திங்கள்
தண்ணீர் மட்டும் குடித்தாள். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன்.
என்னுடையது எலுமிச்சை. அவளுடையது கனகாம்பரம். சோடாவை மாற்றி மறுபடி செய்தேன். அதே.
நாளை முதல் பட்டினி என்றார் டாக்டர்.
வெளியே பெஞ்சில் ப. "என்ன நிறம்?"
"கனகாம்பரம்."
என் விரல்களையே சற்று நேரம் பார்த்தாள். "அப்ப சாயங்காலம் ஒரு முழம் வாங்கிட்டு வாங்க. எனக்கும் தெரியணும்லா."
பூக்கடையில் கனகாம்பரம் இருந்தது. வெள்ளைப் பிச்சி வாங்கி வந்தேன்.