நூர்ஜகான் அக்கா எறியாத பொடி

செவ்வாய், இரவு.

பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்கா மூட்டு வலிக்கு ஆறு மாதமாகத் தின்னும் மூலிகைப் பொடியை நேற்று எங்கள் பார்மசி கல்லூரி லேபில் சோதித்தேன். கலவையில் இருப்பவற்றைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தட்டில் பொடியின் சாற்றையும் ஸ்டீராய்டு கரைசலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஏற்றினேன். யூவி விளக்கில் இரண்டும் ஒரே உயரத்தில் கரும்புள்ளியாய் நின்றன; பொடியில் ஸ்டீராய்டைக் கலந்திருக்கிறார்கள். பதறிப்போய் போனில், "அதைத் தூக்கி எறிஞ்சிருங்கக்கா" என்று சொல்லிவிட்டேன்.

மாதக்கணக்கில் தின்ற ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பது காலையில்தான் உறைத்தது. மாணவர்களுக்கு நானே நடத்தும் பாடம். அக்கா போனை எடுக்கவில்லை. அவர் வேலை செய்யும் பனியன் கம்பெனிக்கே ஓடினேன்.

செக்கிங் மேசையருகே நின்றவர் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தார்.

"கோவிச்சுக்காத கண்ணு. வலி தாங்காம இன்னிக்குக் காலைலயும் தின்னுபோட்டேன்."

"நல்ல வேலை செஞ்சீங்கக்கா!" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விழித்தார்.

மாலையில் டாக்டரிடம் அழைத்துப்போனேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடலாம், பயமில்லை என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

திரும்பும்போது அக்கா, கம்பெனியில் இன்னும் நாலு பேர் அதே பொடியைத் தின்பதாகச் சொன்னார். நாளை அவர்களைப் பார்க்க வேண்டும். இந்த முறை நிதானமாகப் பேசுவேன்.